எதிர்பாராத அசைவுகள்

முதுகுவலிக்கென்று தனியாக ஒரு வாரியம் இருக்கிறது என்பது நாற்பத்தாறு வயது வரை நெட்டைக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் வெறும் வலியோடு போயிருக்கும்.

பார்சல் கிடங்கில் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி இரண்டங்குலம். மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அங்கே யாரும் ஏணியைத் தேட மாட்டார்கள், அவரைத் தேடுவார்கள். பதினெட்டு வருடம் அப்படி எடுத்தும் இறக்கியும் பிழைத்த முதுகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரியிலிருந்து ஒரு மெத்தையை இறக்கும்போது கைவிட்டுவிட்டது. மெத்தையின் உறைமேல் ‘முதுகுவலிக்கு இனி விடை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. தரையில் மல்லாந்து கிடந்த நெட்டை அதை மூன்று தடவை வாசித்தார். படுத்த வாக்கில் வாசிக்க அங்கே வேறொன்றும் இல்லை.

பதினோரு மாதம் ஆகியும் வலி போகவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி. இருபது நிமிடம் உட்கார்ந்தால் அந்த விரல் திருக ஆரம்பிக்கும். காலையில் எழுந்திருப்பதே ஒரு காரியம் ஆகிவிட்டது. நாடா கட்டும் காலணியை விட்டுவிட்டுச் செருப்புக்கு மாறினார். தும்மல் வந்தால் முதலில் சுவரைத் தேடினார்.

கிடங்கு மேலாளர் நல்லவர்தான். “வாரியத்துல இலகுவேலைச் சான்று வாங்கிட்டு வாங்க, லேபிள் ஒட்டற மேசையில போட்டுடறேன். தொண்ணூறு நாள் டயம். அதுக்குள்ள சான்று வரலைன்னா விதிப்படி நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். லாரிக்குத்தான் போகணும்” என்றார்.

லாரி என்றால் நாற்பது கிலோ மூட்டை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னொரு தடவை இப்படிப் பிடித்துக்கொண்டால் இடது கால் மரத்துப் போகலாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே நெட்டைக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். அதைத் தருவதற்காகவே ஒரு கட்டடம் முழுக்க ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதால், சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தார்.

வாரியத்துக்கு இரண்டு மாடி. முதல் மாடி நிவாரணப் பிரிவு, வலியைக் குறைப்பது அதன் வேலை. இரண்டாம் மாடி சரிபார்ப்புப் பிரிவு, வலி இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. ஒரு பிரிவின் முடிவு இன்னொரு பிரிவைப் பாதித்துவிடக் கூடாதென்று நடுப்படிக்கட்டை இரும்பு அலமாரி வைத்து அடைத்திருந்தார்கள். கீழிருந்து மேலே போகவேண்டியவர் இறங்கி வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, பின்பக்கப் படியில் ஏற வேண்டும். ஏறி வருகிறவரை, ‘படியேற முடிகிறது’ என்று மேலே ஒருவர் குறித்துக்கொள்வார். லிஃப்ட் இருந்தது. அதில் வருகிறவரை, ‘படியேறுவதைத் தவிர்க்கிறார்’ என்று குறித்துக்கொள்வார்.

முதல் மாடியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். எல்லோரும் பயிற்சியம்மா என்பார்கள். குட்டையானவர், பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“படுத்தே கிடக்கறீங்களா?”

“ஆமாம்மா. அசைஞ்சா வலிக்குது.”

“அசையலைன்னா இன்னும் வலிக்கும். கதவு கீல் மாதிரிதான் சார். திறந்து மூடலைன்னா இறுகிக்கும். காலையில இருபது நிமிஷம் நடங்க. பூனை மாதிரி கையையும் முட்டியையும் ஊனி முதுகை மேல தூக்கி இறக்குங்க, பத்துத் தடவை. கீழ ஒரு துண்டைப் போட்டு, இடுப்பை வளைக்காம முட்டியை மடக்கி எடுங்க. குனியறதுக்குப் பயப்படக் கூடாது. குனியக் கத்துக்கணும்.”

எல்லாம் ஒரு இளஞ்சிவப்புத் தாளில் படத்தோடு இருந்தது. நெட்டைக்கு நம்பிக்கை இல்லை. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வலிக்கிற இடத்தை வைத்தே வேலை வாங்கச் சொல்கிறார்கள். பணியாளர் பற்றாக்குறையோ என்று சந்தேகப்பட்டார். ஆனாலும் செய்தார். வீட்டுக்கு எதிரே இருந்த பூங்காவில் நடந்தார், துண்டைப் போட்டார், எடுத்தார். மூன்றாம் வாரம், செருப்பை எடுக்கக் குனிந்தபோது கட்டைவிரலைக் காணோம். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக அவர் பூங்காவின் நடுவில் நின்று தனியாகச் சிரித்தார்.

அதுதான் தப்பாகப் போயிற்று.

இரண்டாம் மாடியிலிருந்து கடிதம் வந்தது. ‘தாங்கள் கடந்த பன்னிரண்டாம் தேதி காலை 6.10 மணிக்கு நடந்துள்ளீர்கள். 6.25க்குக் குனிந்து ஒரு துண்டை எடுத்துள்ளீர்கள். எடுத்த துண்டை மீண்டும் கீழே போட்டு மீண்டும் எடுத்துள்ளீர்கள். இவ்வாறு பத்து முறை. 6.31க்குச் சிரித்துள்ளீர்கள். முதுகுவலி உள்ளவர் இவ்வாறு செய்யக் காரணம் என்ன என்பதை நேரில் விளக்கவும்.’

நெட்டையின் மனைவி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரின் சான்றிதழ்களைப் பார்த்தவர் என்பதால் எந்தத் தாளையும் எளிதில் நம்பமாட்டார். கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“ஏங்க, 6.31ன்னு எப்படித் தெரியும்? அப்ப தெருவுல நாயைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்களே.”

“சைக்கிள் ரிப்பேர் பண்ற ஆளு ஒருத்தர் இருந்தாரு.”

“மரத்தடியில சைக்கிளைத் தலைகீழாப் போட்டுட்டு உக்காந்திருப்பாரே, அவரா? பத்து நாளா ஒரே செயினைத்தான் மாட்டிக்கிட்டிருக்காரு. என்னடா இது, ரயிலுக்கே இவ்வளவு நேரம் ஆகாதேன்னு நினைச்சேன்.”

இருவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மரத்தடியில் தலைகீழ் சைக்கிள். அதன்மேல் வில்லாக வளைந்து ஒரு மனிதர். சட்டைப் பையில் சின்னதாகக் கேமராக் கண்ணாடி ஒன்று பளிச்சிட்டது.

சரிபார்ப்பு அதிகாரியின் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் இருந்தார்.

“உக்காரச் சொல்லலையேன்னு நினைக்காதீங்க. உக்கார்ந்தா ‘உட்கார முடிகிறது’ன்னு எழுதணும். நின்னா ‘நிற்க முடிகிறது’ன்னு எழுதணும். எது வசதின்னு நீங்களே பார்த்துக்குங்க” என்றார் கனிவாக. பிறகு படங்களை மேசைமேல் பரப்பினார். நெட்டை குனிகிறார், நெட்டை நிமிர்கிறார், நெட்டை சிரிக்கிறார்.

“சார், இதெல்லாம் கீழ் மாடியில செய்யச் சொன்னதுதான் சார்.” இளஞ்சிவப்புத் தாளை நீட்டினார்.

அதிகாரி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். “அதை உள்ள வைங்க! நிவாரணப் பிரிவுத் தாளை நான் பார்க்கக் கூடாது. பார்த்தா உங்க மேல எனக்கு நம்பிக்கை வந்துடும். அப்புறம் நான் எப்படி நடுநிலையா இருக்கறது?”

“பார்க்காட்டி எப்படி சார் தெரியும்?”

“தெரியாம இருக்கறதுதான் இந்தப் பிரிவோட பலம்.” கண்ணைத் திறந்தார். “நான் உங்களை மட்டும் சந்தேகப்படறதா வருத்தப்படாதீங்க. எல்லாரையும் ஒரே அளவுலதான் சந்தேகப்படறோம், பாரபட்சமே கிடையாது. போன வருஷம் ஒருத்தரை நாலு பேர் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாங்க. அந்த நாலு பேர் மேலயும் தனித்தனியா கோப்பு திறந்தேன். சும்மா ஒருத்தரைத் தூக்கிட்டு வருவாங்களா? பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரே ஒருத்தருக்குக் கூட முதுகுவலின்னு நிரூபணமானதில்ல. உண்மையிலேயே யாருக்காவது இருந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா?”

நெட்டை இளஞ்சிவப்புத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதில் சொல்லியிருந்தால் அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டிருக்கும்.

பேசி முடித்து அதிகாரி ஒரு வழி சொன்னார். குனிவதோ நடப்பதோ குற்றமில்லை, வாரியத்துக்குத் தெரியாமல் செய்வதுதான் குற்றம். அதற்கென்றே ‘அசைவு முன்னறிவிப்புப் படிவம்’ இருக்கிறது. வரும் வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் குனியப் போகிறார் என்பதை ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி வர பத்து நாள் ஆகும்.

படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பினார்கள். பதினேழாவது பத்தியில் மனைவி நின்றுவிட்டார்.

“‘எதிர்பாராத அசைவுகள்: முன்கூட்டியே குறிப்பிடவும்’னு போட்டிருக்கு. என்ன எழுத?”

“தும்மல்னு எழுது.”

“எத்தனை மணிக்கு?”

நெட்டை யோசித்தார். “ஒன்பது மணிக்கு மேலன்னு போடு.”

அனுமதி வரும்வரை அசையாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்து படுத்தார். நான்கே நாளில் கட்டைவிரல் திரும்பி வந்தது, கூட ஒரு ஆள்காட்டி விரலையும் அழைத்துக்கொண்டு. கால் வழியாக ஒரு கம்பி ஓடி முழங்காலில் நின்றது. காலண்டரில் நாற்பத்தெட்டு நாள் பாக்கி இருந்தது.

மறுபடி முதல் மாடிக்குப் போனார். அங்கே வரிசையில் முன்னால் நின்றவர் ஒரு முடிதிருத்துபவர். முப்பது வருடம் அடுத்தவர் தலைமேல் குனிந்து நின்றவர், இப்போது சும்மா நிற்கும்போதும் அப்படியே நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, உள்ள வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. அஞ்சுன்னு சொல்லுங்க.”

“எனக்கு எட்டு இருக்குமேண்ணே.”

“எனக்கும்தான் இருக்கு. நாலுன்னு சொன்னா குணமாயிட்டீங்க, வீட்டுக்குப் போங்கம்பாங்க. ஆறுன்னு சொன்னா வைத்தியத்துக்கு ஒத்துழைக்கலைன்னு கோப்பை மூடிடுவாங்க. அஞ்சுதான் உயிரோட இருக்கற எண்.”

சுவரில் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. வாரியத்துக்கு வந்த அத்தனை பேரின் சராசரி வலி ஏழு வருடமாக ஐந்திலேயே நேர்கோடாகப் போயிருந்தது. அடியில் ‘நமது நிலைத்தன்மை’ என்று எழுதி விருது ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள்.

பயிற்சியம்மா முதுகில் கை வைத்ததுமே சொல்லிவிட்டார். “நிறுத்திட்டீங்க, இல்ல?”

நெட்டை கதையைச் சொன்னார். “நீங்க செய்யச் சொன்னீங்கன்னு மேல் மாடிக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா.”

“எழுதிடுவேன் சார். போன வருஷம் இங்க ஒரு டாக்டர் அப்படி எழுதினாரு. நோயாளிக்குச் சாதகமாப் பேசறாருன்னு அவர் மேலயே கோப்பு போட்டாங்க. கீழ வாசல்ல உங்க பையை வாங்கி வச்சுட்டு டோக்கன் குடுத்தாரே ஒருத்தர், வெள்ளைத் தாடி, அவர்தான்.”

நெட்டை தன் கையில் இருந்த டோக்கனைப் பார்த்தார். கொடுக்கும்போது அந்தத் தாடிக்காரர், “வலது தோள்லயே மாட்டாதீங்க, மாத்தி மாத்தி மாட்டுங்க” என்று முணுமுணுத்தது இப்போதுதான் விளங்கியது.

சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பு மட்டும் குறையில்லாமல் நடந்தது. மரத்தடியில் இருந்த சைக்கிள்காரரை அக்கம்பக்கத்தார் உண்மையான சைக்கிள்காரர் என்றே நம்பிவிட்டார்கள். ஆளாளுக்கு பஞ்சரான சக்கரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேஷம் கலையக் கூடாதே என்று அவரும் வாங்கி வைத்துக் குனிந்து குனிந்து ஒட்டினார். நெட்டையோ அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. கண்காணிக்க ஆளில்லாத கண்காணிப்பாளர் இருபத்திரண்டு நாள் வளைந்தபடி தெருவுக்கே சைக்கிள் பழுதுபார்த்தார்.

“என் சைக்கிளுக்கும் பிரேக் போட்டுக் குடுத்தாரு” என்றார் மனைவி. “வேவு பார்க்க வந்தாலும் வேலை சுத்தம்.”

இருபத்து மூன்றாம் நாள் காலை ஜன்னலருகே நின்ற நெட்டை, சைக்கிள்காரர் ஒரு டயரை எடுக்கக் குனிவதைப் பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு கையால் சைக்கிளின் மிதியைப் பிடித்தார், மிதி சுற்றியது, அவரும் சற்றுச் சுற்றினார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

நெட்டைக்கு அந்த வாய் தெரியும். மெத்தைக்கு அடியில் அவர் வைத்திருந்த அதே வாய்.

“அந்தாளுக்குப் பிடிச்சுக்கிச்சு” என்று செருப்பைத் தேடினார்.

மனைவி வாசலை மறித்துக்கொண்டார். “எங்க போறீங்க? இது எதுக்குன்னு தெரியலையா? நீங்க ஓடி வந்து தூக்கறதைப் படம் எடுக்கத்தான் இந்த நாடகம். எண்பது கிலோ ஆளைத் தூக்கினாருன்னு போட்டா, சான்றும் போச்சு, காலும் போச்சு.”

அது நியாயமான சந்தேகம்தான். நெட்டை மறுபடி எட்டிப் பார்த்தார். சைக்கிள்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை நேராக மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

“வியர்வையை எப்படிம்மா நடிக்கறது?” என்று கேட்டார். மனைவியும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வழிவிட்டார். “தூக்க மட்டும் தூக்காதீங்க.”

நெட்டை தூக்கவில்லை. பக்கத்தில் போய், முட்டியை மடக்கி, மெதுவாக உட்கார்ந்தார்.

“படம் எடுக்கணும்னா எடுத்துக்குங்க. நான் குனியல, உக்காந்திருக்கேன்.”

“எடுக்கற மாதிரியா சார் இருக்கேன்?” சைக்கிள்காரருக்கு மூச்சு வாங்கியது.

“மூச்சை அடக்காதீங்க. அடக்கினா இன்னும் இறுக்கும். ஊதுங்க, மெதுவா. ஒரு முட்டியைக் கீழ வைங்க. இப்ப அடுத்தது. கையை ஊனிக்குங்க. அப்படியே ஒரு பக்கமா சாய்ஞ்சு படுங்க. மண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க, சட்டைதானே.”

பத்து நிமிடம் அந்த மனிதர் மரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தார். பிறகு நெட்டை சொல்லச் சொல்ல, முட்டியை மடக்கி, ஒரு கையை ஊனி, பூனை மாதிரி நின்று, முதுகை மேலே தூக்கி இறக்கினார். மூன்றாவது தடவையில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

“உங்க பிரிவுல யாருக்கும் முதுகுவலி வராதா?” என்று கேட்டார் நெட்டை.

“வரக்கூடாது சார். வந்துச்சுன்னு சொன்னா என் பின்னாடி ஒரு ஆளைப் போட்டுடுவாங்க.” தயங்கினார். “இது வேலை செய்யுதே சார். யார் சொல்லிக் குடுத்தது?”

“உங்க வாரியம்தான். கீழ் மாடி.”

“கீழ் மாடியிலயா?” சைக்கிள்காரருக்கு நம்ப முடியவில்லை. “அங்க ஏதோ சும்மா நடக்குதுன்னுல்ல நினைச்சேன்.”

எண்பத்தொன்பதாம் நாள் இறுதி விசாரணை. அதிகாரி முன்னால் சைக்கிள்காரரின் அறிக்கை இருந்தது. அதைப் புழுவைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“‘கண்காணிக்கப்பட்டவர் ஒரு வலிக்காரரைத் தொடாமலே நிமிர்த்தினார்’னு எழுதியிருக்கான். யாருய்யா அந்த வலிக்காரர்னு கேட்டேன். நான்தான்னான்.” அதிகாரி நாற்காலியில் சற்று நெளிந்து உட்கார்ந்தார், பிறகு மறுபக்கம் நெளிந்தார். நெட்டை அதைக் கவனித்தார். “என் பிரிவுலயே ஒருத்தன்! எவ்வளவு நாளா நடிக்கறானோ. அது இருக்கட்டும். உங்க விஷயத்துக்கு வருவோம். முதுகைப் பத்தி இவ்வளவு நுணுக்கமா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு, உங்களுக்கு நிஜமாவே வலி இருக்கணும். இல்ல, நீங்க பெரிய கில்லாடியா இருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்களை வெளிய விடக் கூடாது.”

சான்று வந்தது. ‘இவருக்கு முதுகுவலி இல்லை என்று நிரூபிக்க இயலவில்லை. இலகுவேலைக்கு உரியவர்.’ முத்திரையும் இருந்தது. நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது.

“நன்றி சார். லேபிள் மேசைக்கு...”

“லேபிள் மேசை எதுக்கு? இலகுவேலைன்னா வாரியமே குடுக்கும். உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கற வேலை, இதைவிட இலகுவா எங்க இருக்கு? இடமும் நேத்துதான் காலியாச்சு.” அதிகாரி அடுத்த கோப்பைத் தள்ளினார். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இந்தக் கோப்புல இருக்கற ஆள் வீட்டு முன்னாடி இருக்கணும். சைக்கிளைக் கிடங்குல வாங்கிக்குங்க. செயின் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுமாம்.”

மறுநாள் ஆறு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு தெருவில், நெட்டை சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுவிட்டு அதன்மேல் வளைந்தார். ஆறடி இரண்டங்குலத்துக்கு அது நிறையவே வளைவு. ஆறு பத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பழைய சைக்கிள்காரர் தோளில் ஒரு துண்டோடு வெளியே வந்தார். எதிரே பார்த்தார். சைக்கிளை அடையாளம் கண்டார், பிறகு ஆளையும். துண்டைச் சரிசெய்துகொண்டு பூங்காப் பக்கம் நடந்தார்.

கட்டைவிரல் திருக ஆரம்பித்திருந்தது. நெட்டை சைக்கிளை நேராக நிமிர்த்தினார். செயின் மாட்டியே இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, பதினைந்தடி இடைவெளிவிட்டு, பின்னால் நடந்தார். தொடர்ந்து போவதற்கு விதியில் இடமிருந்தது. முன்னவர் பூங்காவில் துண்டைப் போட்டு எடுத்தார். நெட்டை சைக்கிள் காற்றடிக்கும் பம்பைப் போட்டு எடுத்தார். பத்து முறை. இருபது நிமிடத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

அறிக்கையில் எழுதினார்: ‘நடந்தார். குனிந்தார். சந்தேகத்துக்குரியதாக எதுவும் இல்லை.’ எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அதுவே சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்தது. கடைசி வரியை அடித்துவிட்டு, ‘முகத்தைப் பார்த்தால் வலி ஐந்து இருக்கும்’ என்று எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தன் தெருமுனையில் ஒருவர் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். குத்துக்காலிட்டு, கழுத்தை ஒடித்து, கேட்டின் கடைசிக் கம்பிக்கு அடித்துக்கொண்டிருந்தார். காலையில் போகும்போதும் அதே கம்பிக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஏதோ பளிச்சிட்டது.

நெட்டை நின்று, அந்த முதுகு வளைந்திருந்த விதத்தை ஒரு நிமிடம் பார்த்தார். தரையோடு தரையாக இருந்த கம்பி. இருபத்திரண்டு நாளெல்லாம் தாங்காது, பன்னிரண்டு நாள் என்று கணக்குப் போட்டார்.

ஜெராக்ஸ் கடையில் மனைவி தனியாக இருந்தார். நெட்டை சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்ட இளஞ்சிவப்புத் தாளை எடுத்து நீட்டினார்.

“எத்தனை?” என்றார் மனைவி.

“ரெண்டு போடு. அதிகாரியும் நாற்காலியில நெளியறாரு.”

மனைவி கண்ணாடிமேல் தாளை வைத்து மூடியை இறக்கினார். கடைக்கு வெளியே எட்டி, கேட்டருகே இருந்தவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெயிண்டருக்கு அப்பால், மின்கம்பத்தடியில், ஒரே பூந்தொட்டிக்கு வெகுநேரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இன்னொருவரையும் பார்த்தார்.

“அஞ்சாவே போட்டுடறேன்” என்றார்.